சந்தோஷத்தோடு விற்றவன்

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் புதைந்த பொக்கிஷத்தின் உவமையை ரங்கூனில் எங்கள் தமிழ் வேதபாட வகுப்பில் பலமுறை தியானித்திருக்கிறோம். நிலத்தில் புதைந்திருந்த பொக்கிஷத்தை ஒருவன் கண்டு, அதை மறைத்துவிட்டுப் போய், தனக்குள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான்; பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டது என்கிறார் இயேசு. விளக்கங்கள் பெரும்பாலும் தியாகத்தைப் பற்றியே இருக்கும். ஆண்டவருக்காக எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று எண்ணி, மனம் கனத்தே வீடு திரும்புவோம்.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் பகுதி மீண்டும் வந்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பாட்டியம்மா பேசினார். 1964இல் பர்மாவில் ஜெனரல் நே வினின் இராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கி, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்தபோது அவர் சிறுமி. அவருடைய பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறுவதற்கு முன், தேக்குக் கட்டிலையும் பித்தளைக் குடங்களையும் தையல் இயந்திரத்தையும் கேட்ட விலைக்கு விற்றதை அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

“எல்லாவற்றையும் விற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி. ஒவ்வொரு பாத்திரம் படியிறங்கும்போதும் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். இயேசு சுவாமி சொன்ன மனிதனும் எல்லாவற்றையும் விற்கிறான். ஆனால் சந்தோஷத்தோடு விற்கிறான். அவன் கண்டது எப்பேர்ப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!”

அவர் சொன்னபிறகுதான் உவமையின் வரிசை எனக்குப் புலப்பட்டது. அந்த மனிதன் முதலில் காண்கிறான், மகிழ்கிறான், அதன்பிறகே விற்கிறான். பொக்கிஷம் பொன்னா வெள்ளியா, எவ்வளவு என்று உவமையில் ஒரு சொல்லும் இல்லை; அவனுடைய மகிழ்ச்சியைக் கொண்டுதான் நாம் அதன் மதிப்பை அறிகிறோம். நிலத்துக்காரரிடம் சொல்லாமல் மறைத்தது நியாயமா என்று சிலர் கேட்பதுண்டு. உவமை அதைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் கருத்து. விற்பது கடமையாக அவன்மேல் சுமத்தப்படவில்லை. கண்டெடுத்த மகிழ்ச்சியே அவனை வீட்டுக்கும் சந்தைக்கும் ஓடவைத்தது. இதை விட்டுவிட்டு நாம் வெறும் துறவைப் போதித்தால், கேட்பவருக்கு அந்த 1964ஆம் ஆண்டின் விற்பனையைத்தான் கொடுக்கிறோம்.

அதை அடுத்துவரும் முத்து வியாபாரியின் உவமையில் மகிழ்ச்சி என்ற சொல்லே வருவதில்லை. வியாபாரி நல்ல முத்தைத் தேடித் திரிந்தவன்; விலையுயர்ந்த ஒன்றைக் கண்டதும் அவனும் எல்லாவற்றையும் விற்று அதை வாங்குகிறான். நிலத்தில் பொக்கிஷத்தைக் கண்டவனோ எதையும் தேடியதாகச் சொல்லப்படவில்லை. தேடாதவனுக்குக் கிடைத்ததால்தான் அவனுடைய மகிழ்ச்சியை மத்தேயு தனியே குறித்தாரோ என்று நான் எண்ணுகிறேன். பாட்டியம்மா அதை ஏற்கவில்லை. வியாபாரியும் மகிழ்ந்துதான் விற்றிருப்பான், இல்லாவிட்டால் முத்து கையில் இருந்தும் பெரியம்மாவைப் போல அழுதிருப்பான் என்கிறார்.