பச்சை கூலன்ட்ல சிவப்பு ஊத்தலாமா?

அண்ணே, பழைய டீசல் கார், கூலன்ட் (இன்ஜின் சூட்ட தணிக்குற திரவம்) டேங்க்ல 'MIN' கோட்டுக்கு கீழ போயிடுச்சு, உள்ள பச்சை இருக்கு, கடைக்காரர் சிவப்பு தான் நல்லதுங்கறாரு, கலக்கலாமா இல்ல தண்ணியே போதுமா?

— கலர நம்பாதீங்க ப்ரோ, அது வெறும் சாயம், கம்பெனிக்கு கம்பெனி மாறும். துரு தடுக்குற மருந்த பொறுத்து ஐஏடி (IAT), ஓஏடி (OAT)ன்னு வகை இருக்கு, உங்க காருக்கு எதுன்னு மேனுவல்ல பாத்து அதையே வாங்குங்க, ரெண்டையும் கலந்தா துரு தடுக்குற சக்தி குறைஞ்சிடும், சில சமயம் கூழாகி ரேடியேட்டரயே அடைக்கும்.

— போர் தண்ணி வேணவே வேணாம், உப்பு படியும். கான்சன்ட்ரேட்னா (தண்ணி கலக்காத கூலன்ட்) டிஸ்டில்டு வாட்டர் பாதிக்கு பாதி. கூலன்ட் தண்ணி உறையாம தடுக்கத்தானே, நம்ம ஊர்ல பனியா கொட்டுது, இது எதுக்குன்னு கேப்பாங்க, ஆனா கொதிநிலை 106 டிகிரி கிட்ட ஏறுதுல்ல.

— அதெல்லாம் சரி, ஏன் குறைஞ்சுது? ஹோஸ், வாட்டர் பம்ப் ஒழுகுதா பாருங்க. இன்ஜின் சூட்டுல ரேடியேட்டர் மூடிய திறந்துடாதீங்க சாமி!