திருவிழா வாணவேடிக்கைக்கு ஊதுபத்தியை விட்டுவிட்டு ரிமோட்டுக்கு மாறலாமா?

கல்மண்டபம்_தெருக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் திருவிழா. கடைசி ராத்திரி அம்மன் வீதியுலா முடிந்து திரும்பும்போது வாணவேடிக்கை விடுவது வழக்கம். இத்தனை வருடமும் நீளமான மூங்கில் குச்சியில் ஊதுபத்தியைக் கட்டி எங்கள் தெருப் பையன்களேதான் பற்றவைத்தார்கள். போன வருடம், பல குழாய்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஷாட் பெட்டியின் திரி, நெருப்பு பட்டதும் சீறிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒதுங்க நேரமே இல்லை, குனிந்திருந்த பையனுக்கு முன்கையும் கழுத்தும் வெந்துபோயின. கண் தப்பியது. அவனுடைய அம்மா முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இந்த வருடம் வாணவேடிக்கைக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் கரண்டில் பற்றவைக்கலாம், தூரத்தில் நின்று பட்டனை அழுத்தினால் போதும் என்கிறார். செலவு கூடுகிறது. கமிட்டியில் பெரியவர்கள், வெடிமருந்தையும் கரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது இன்னும் ஆபத்து என்கிறார்கள். பையன்களோ ஆன்லைனில் ரிமோட் கிட் வாங்கினால் செலவு பாதியாகும், திரியோடு சேர்க்கும் சமாசாரத்தை நாங்களே செய்துகொள்கிறோம் என்கிறார்கள். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, கப்பல் ரேடியோ, செல்போன், பந்தோபஸ்துக்கு வருகிறவர்களின் வாக்கி டாக்கி, இதெல்லாம் பட்டுத் தானாக வெடித்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வருடம் ஒருவருக்கும் எதுவும் ஆகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

திரிமருந்து பதில்:

தம்பி, நான் சிவகாசிப் பக்கம் பிறந்தவன், இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஃபேன்சி ரகம் செய்கிற இடத்தில் நிறைய வருடம் வேலை பார்த்தவன் என்பதால் திரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. கருந்திரி, அதாவது வெடிமருந்து தோய்த்த நூல், வெறுமனே திறந்து கிடந்தால் நிதானமாக, விரல் விரலாகத்தான் எரியும். அதே திரியைக் காகிதக் குழலுக்குள் விட்டால் கதை மாறிவிடும், நெருப்பு வெளியே போக வழியில்லாமல் குழலுக்குள்ளேயே முன்னால் பாயும், ஒரு நொடியில் பல மீட்டர் ஓடிவிடும். வானத்தில் வெடிக்கிற ரகங்களில் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு நெருப்பைக் கொண்டுபோவதற்காகவே இப்படி வைப்பார்கள். ஆள் பற்றவைக்கிற நுனியில் மட்டும் மெதுவாக எரிகிற பச்சைத் திரி இருக்கும், அந்தச் சின்னத் துண்டுதான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். அது நடுவில் முறிந்திருந்தாலோ, நமுத்துப்போய் ஒருவர் கிள்ளி எடுத்திருந்தாலோ, பக்கத்துப் பெட்டியின் பொறி நேராகக் காகிதக் குழலில் பட்டாலோ, அவகாசம் பூஜ்யம். அதனால் திரி நுனி சேதமான பெட்டியைச் சரிசெய்து விட முயற்சியே செய்யாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து ஒதுக்குங்கள், ஆயிரம் ரூபாய் போனால் போகிறது.

அப்புறம், காசிமேட்டுக் கடற்காற்றில் சரக்கைத் திறந்து வைத்தால் திரி ஈரம் குடிக்கும். ஈரத்திரி நடுவில் அடங்கினாற்போல இருந்து திடீரென்று பிடிக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்துக் கண்ணைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

குவாரி_பழையவர் பதில்:

மேலே சொன்னது நூறு சதவீதம் சரி. நான் கல்குவாரியில் வெடி வைக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், வீடு திருவொற்றியூர். உங்கள் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பற்றவைக்கிற கருவி மாறும்போதெல்லாம் பழையதே தேவலை என்ற பேச்சு வந்திருக்கிறது, ஆனால் ஆட்களைக் காப்பாற்றியது அந்த மாற்றங்கள்தான். இங்கிலாந்தில் கார்ன்வால் சுரங்கங்களில் வைக்கோல் தாளிலும் வாத்து இறகின் தண்டிலும் மருந்தை அடைத்துத்தான் திரியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது எரியும், எப்போது பாயும் என்று ஒருவருக்கும் தெரியாது. வில்லியம் பிக்ஃபோர்ட் என்ற தோல் வியாபாரி, கயிறு திரிக்கிற மாதிரியே மருந்தை நடுவில் வைத்துச் சணல் நூலைச் சுற்றி முறுக்கித் தார் பூசி 1831ல் காப்புரிமை வாங்கினார். ஒரு அடி எரிய ஏறக்குறைய அரை நிமிடம், ஒவ்வொரு அடியும் கிட்டத்தட்ட அதே நேரம். ஆள் நடந்து ஒதுங்க முடிந்தது அதற்கப்புறம்தான். மேலே திரிமருந்து பச்சைத் திரி என்று சொன்னதற்கும் இதுதான் தாத்தா.

நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. விம்கோ நகர் மெட்ரோவில் இறங்குகிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஒரு தீப்பெட்டி ஆலையின் பெயர் என்று தெரியும்? சுவீடன் கம்பெனி இங்கே தொடங்கிய ஆலை அது. சேஃப்டி மேட்ச் என்பதே அந்த நாட்டில் உருவானதுதான். 1844ல் பாஷ் என்பவர் வழியைக் கண்டார், 1850களில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். அதற்கு முன் இருந்த குச்சி எங்கே உரசினாலும் பற்றும், சட்டைப்பையிலேயே பற்றும். அவர்கள் செய்தது என்னவென்றால், பற்றுவதற்கு வேண்டிய சரக்கை இரண்டாகப் பிரித்து, சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, மற்றதைக் குச்சியின் தலையில் வைத்தார்கள். நாமாக இரண்டையும் சேர்த்து உரசினால்தான் நெருப்பு. கரண்டில் பற்றவைப்பதற்கும் இதே கணக்குதான். கடைசி நேரம் வரை இரண்டும் பிரிந்திருக்க வேண்டும்.

எண்ணூர்_எலெக்ட்ரானிக்ஸ் பதில்:

சார், வாக்கி டாக்கி, ரிமோட் கிட் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், கரண்டில் பற்றவைக்கத் திரியோடு சேர்க்கிற இக்னைட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மயிரிழை போன்ற கம்பி, அதன் மேல் துளி மருந்து. கரண்ட் போனால் கம்பி சூடாகி மருந்து பற்றும், அந்த நெருப்பு திரிக்குப் போகும். நல்ல தயாரிப்பு என்றால் அதனுடன் இரண்டு எண்கள் வரும்: இவ்வளவுக்குக் கீழே எவ்வளவு நேரம் கரண்ட் போனாலும் பற்றாது, இவ்வளவுக்கு மேலே போனால் கட்டாயம் பற்றும். முதல் எண்தான் பாதுகாப்பு. ராணுவத்திலும் ராக்கெட்டிலும் ஒரு ஆம்பியர், ஒரு வாட், ஐந்து நிமிடம் கொடுத்தாலும் பற்றக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். வாணவேடிக்கைக்கு வருவது அதைவிடச் சின்னக் கரண்டிலேயே பற்றக்கூடியது. அதனால்தான் உங்கள் பையன்கள் இக்னைட்டரை வீட்டில் செய்வதை நான் அடியோடு எதிர்க்கிறேன். வீட்டில் செய்ததற்கு அந்த முதல் எண் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. உரசலுக்குப் பற்றுமா, உடம்பில் ஏறுகிற ஸ்டாட்டிக் மின்சாரத்துக்குப் பற்றுமா, அதுவும் தெரியாது. கையில் பிடித்திருக்கும்போதே பற்றினால் போன வருடத்தைவிட மோசமாகும். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

ரேடியோ அலை பற்றி. இக்னைட்டரின் இரண்டு ஒயரும் பிரிந்து நீண்டு கிடந்தால் அது ஆன்டெனாதான், பக்கத்தில் வலுவான டிரான்ஸ்மிட்டர் இருந்தால் கரண்ட் உண்டாகும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் வீரியம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் துறைமுகத்தில் நிற்கிற கப்பலைவிட, ஷாட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவரின் ஐந்து வாட் வாக்கி டாக்கிதான் கவனிக்க வேண்டியது. இணைப்பு கொடுக்கிற நேரத்தில் அந்த இடத்தில் செல்போனும் வேண்டாம், வாக்கி டாக்கியும் வேண்டாம். ஒயர்கள் முறுக்கி, நுனி இரண்டும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் செய்திருக்க வேண்டும், கடைசியில்தான் பிரிக்க வேண்டும்.

ரிமோட் கிட்டில் எனக்குள்ள பயம் வேறு. விலை குறைந்தவை பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன, கேட் ரிமோட்டிலிருந்து பொம்மை வரை நிறைய சாமான்கள் அதே அலைவரிசைதான். சாவி கிடையாது, இரண்டு கட்டமாக இயக்குகிற வசதி கிடையாது. ரிசீவருக்கு பாட்டரி போட்ட நொடியில் உள்ளே கரண்டை இணைக்கிற ரிலே சுவிட்ச் ஒரு தடவை துடித்தாலும் போதும், சரக்கு போய்விடும். உங்கள் தெரு அளவுக்கு ஒயர் இழுத்து, பட்டன்கள் உள்ள பேனலில் இயக்குவதே நல்லது. பேனலுக்குச் சாவி இருக்க வேண்டும், அந்தச் சாவி இணைப்பு கொடுக்கிற ஆளின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஆட்களை ஒதுக்கிவிட்டு, தூரத்துக்கு வந்து அவரே சாவியைப் போடட்டும்.

1967 ஜூலை 29ல் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். தளத்தில் நின்ற விமானத்தில் பவரை மாற்றும்போது வந்த மின்னழுத்த ஏற்றத்தில் ஒரு ராக்கெட் தானாகப் பாய்ந்தது, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் கொட்டித் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு முள், தனியாகக் கடைசியில் மாட்ட வேண்டிய ஒயர் எல்லாம் அதில் இருந்தன. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முள்ளை முன்கூட்டியே எடுத்து, ஒயரையும் முன்கூட்டியே மாட்டும் பழக்கம் வந்திருந்தது. உங்கள் கமிட்டியிலும் அம்மன் தெருமுனைக்கு வந்துவிட்டாள், சீக்கிரம் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளிடம் சாவி இருக்கட்டும்.

மணலி_மெக்கானிக் பதில்:

நான் கார் மெக்கானிக். ஏர்பேக்கில் இருப்பதும் இதே மாதிரி இக்னைட்டர்தான், அதன் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறம். அதைக் கழற்றினால் உள்ளே இருக்கிற சின்னத் தகடு தானாகவே இரண்டு பின்னையும் ஷார்ட் செய்துவிடும், ஆள் மறந்தாலும் அது மறக்காது. உங்கள் வாணவேடிக்கைக்காரரிடம் அப்படித் தானாக ஷார்ட் ஆகிற அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, எலெக்ட்ரீஷியன் பழக்கத்தில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கவே கூடாது, விளக்கு எரிகிற கரண்டில் இக்னைட்டரும் பற்றிவிடும். சாதாரண மீட்டர் கூட வேண்டாம், இதற்கென்று மிகக் குறைந்த கரண்ட் விடுகிற டெஸ்டர் இருக்கிறது. அதிலும் ஆட்கள் ஒதுங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

கல்மண்டபம்_தெருக்காரன் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையன்களின் திட்டத்தை இன்றைக்கே நிறுத்திவிட்டேன், மேலே உள்ளதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பெரியவர்கள் இப்போது கேட்பது: கரண்டில் கோளாறாகி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டால்? பாதியில் ஒன்று பற்றாமல் நின்றுவிட்டால்?

எண்ணூர்_எலெக்ட்ரானிக்ஸ் பதில்:

ஒரே நேரத்தில் போவது நடந்திருக்கிறது. 2012 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிய வாணவேடிக்கை, கம்ப்யூட்டர் கோளாறால் சுமார் 15 விநாடியில் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை, ஏனென்றால் சரக்கு தண்ணீரில் மிதவைகளின் மேல் இருந்தது, ஜனங்கள் தூரத்தில் கரையில் இருந்தார்கள். கையால் பற்றவைக்கிற இடத்தில் அதே மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் கதி என்ன என்று பெரியவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்தத் தூரத்துக்குத்தான். அந்தத் தூரம் உங்கள் தெருவில் கிடைக்காது என்றால், எந்தக் கருவி வந்தாலும், வானத்தில் போய் வெடிக்கிற பெரிய ஷெல் வேண்டாம்.

குவாரி_பழையவர் பதில்:

பற்றாமல் நின்றதற்குப் பதில் பொறுமைதான். பேனலை அணை, சாவியை எடு, ஒயரைப் பேனலிலிருந்து கழற்றி ஷார்ட் செய். நாங்கள் குவாரியில் திரி வைத்த வெடி வெடிக்காமல் போனால் அரை மணி நேரம் ஒருவரையும் கிட்டே விடமாட்டோம், நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் குழாய்க்கு நேர் மேலே தலையை நீட்டாமல், பக்கவாட்டில் நின்று தண்ணீரை ஊற்றி ஊறவிட வேண்டும். மறுபடி பற்றவைத்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

இன்னொன்றும் உண்டு, இதற்குக் கரண்ட், ஊதுபத்தி என்ற வித்தியாசம் இல்லை. 2016 ஏப்ரல் 10ல் கொல்லம் புற்றிங்கல் கோயிலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கே எரிந்து விழுந்த வாணம் சரக்கு வைத்திருந்த கட்டடத்தில் போய்ப் பிடித்தது. மீதிச் சரக்கைக் கோயில் மண்டபத்திலோ, பந்தல் சாமான் போடுகிற கொட்டகையிலோ அடுக்காதீர்கள். காசிமேட்டுக் கரைப் பக்கம் வெடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கே ஃபைபர் படகும் நைலான் வலையும் டீசல் கேனும் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாணவேடிக்கைக்காரரிடம் வெடிபொருள் லைசன்ஸைக் காட்டச் சொல்லுங்கள், போலீஸ் அனுமதியும் தீயணைப்புத் துறைக்குத் தகவலும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

திரிமருந்து பதில்:

மழை வந்தால்? ஆடி மாதம் சாயங்காலம் இடி இடிக்கிற மாதம். மின்னல் தெரிந்தாலே இணைப்பு கொடுக்கிற வேலையை நிறுத்தி ஆட்கள் விலகிவிட வேண்டும், ஒயர் இழுத்த இடத்தில் இது கட்டாயம். அன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் இப்போதே பேசி எழுதி வைத்துவிடுங்கள் தம்பி, அன்றைக்கு ராத்திரி மேளச் சத்தத்தில் பேசினால் ஒருவர் காதிலும் விழாது.