பரணில் கிடைத்த ஆல்ட்ரின் டின்: கரையானுக்கு ஊற்றலாமா?

வளவுவீட்டுப் பிள்ளை:
கானாடுகாத்தான் பக்கம் ஐயா காலத்து வீடு, பங்காளிகள் சேர்ந்து மராமத்து பார்க்கிறோம். ரெண்டாங்கட்டு வாசல் நிலையில் கரையான் புற்று. பரணை ஒழித்தபோது ஆல்ட்ரின் 30 ஈசி என்று எழுதிய டின் பாதி மருந்தோடு கிடைத்தது. மேஸ்திரி "இதுதாங்க அசல், ஓட்டை போட்டு ஊத்திட்டா ஆயுசுக்கும் வராது" என்கிறார். ஊற்றலாமா?

கோட்டையூரான்:
தாராளமாக ஊற்றுங்கள் தம்பி. எழுபதுகளில் எங்கள் வீட்டில் நானே வாளியில் கலக்கி வெறுங்கையால் ஊற்றியிருக்கிறேன். 74 வயதாகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன், தூணும் நன்றாக இருக்கிறது. இப்போது விற்கிற மருந்து அஞ்சு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம்.

பாய்லர்:
அண்ணே, அது இத்தனை வருஷம் தாங்குவதுதான் சிக்கலே. ஆல்ட்ரின் மண்ணிலும் உடம்பிலும் டீல்ட்ரினாக மாறிவிடும், அது லேசில் அழியாது. உடம்பில் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வருஷம். இந்தியாவில் 1996-லேயே தடை. லேசில் அழியாத நச்சுகளை ஒழிக்க 2001-ல் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் முதலில் பட்டியல் போட்ட பன்னிரண்டில் ஆல்ட்ரினும் ஒன்று, டீல்ட்ரினும் ஒன்று.

கோட்டையூரான்:
பட்டியல் போடுவது யார், புது மருந்து விற்கிறவன்தானே? நெதர்லாந்தில் பெர்னிஸ் என்ற ஊரில் ஷெல் கம்பெனி தொழிற்சாலையில் இதையே தயாரித்த ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களைவிட அதிகமாக ஒன்றும் சாகவில்லை. அதையும் சொல்லுங்கள்.

பாய்லர்:
சொல்கிறேன், அது உண்மைதான். ஆனால் அங்கே ஆட்களின் ரத்தத்தில் டீல்ட்ரின் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நம்ம ஊர் சித்தாளுக்கு யார் ரத்தம் பார்த்தது? 1950களில் மலேரியாவுக்கு டீல்ட்ரின் தெளித்த ஆட்களுக்கு வலிப்பு வந்தது, அதுவும் பதிவாகியிருக்கிறது. மூளையில் காபா என்று ஒரு பிரேக் இருக்கிறது, இது அதைப் பிடிக்கவிடாமல் செய்துவிடும், அதனால்தான் வலிப்பு. அப்புறம், குடித்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், தோல் வழியாகவே நன்றாக இறங்கும். அமெரிக்காவில் வேலையிடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.25 மில்லிகிராம்தான் வரம்பு, அதோடு தோலில் படக்கூடாது என்று தனியாக ஒரு குறிப்பும் உண்டு.

மருந்தடிச்சவன்:
நான் பத்து வருஷம் கரையான் மருந்து அடித்தவன். கூட இருந்தவர் ஒருத்தர் வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவுவார், நாற்றம் போகுமாம். நாற்றம் போனது, மருந்து உள்ளே போனது. ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தபடியே வலிப்பு வந்து சரிந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் எதனால் வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கோட்டையூர் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாதது அண்ணனின் அதிர்ஷ்டம், அவர் ஒரு வீட்டுக்குத்தான் ஊற்றினார், நாங்கள் தினமும் ஊற்றினோம். இன்னொன்று, யாருக்காவது பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பாலோ எண்ணெயோ கொடுத்துத் தொலைக்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும். பூச்சிமருந்து என்றதும் அட்ரோபின் என்ற முறிவு ஊசி போடுவார்கள், அது வேறு வகைப் பூச்சிமருந்துக்கு. டாக்டரிடம் டின்னையும் காட்டுங்கள்.

கோட்டையூரான்:
சரி, ஆளுக்கு ஆபத்து என்றே வைத்துக்கொள்வோம். கையுறை போட்டு ஊற்றட்டும். மண்ணுக்குள் போனால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் கரையாது என்று நீங்களே சொல்வீர்கள்.

பாய்லர்:
ஒட்டிக்கொள்ளும்தான். முற்றத்து மழைத்தண்ணீர் எங்கே போகிறது? கிணற்றுக்கும் ஊருணிக்கும். மண் கரைந்து போகும்போது அதுவும் கூடவே போகும், வண்டலில் தங்கும், மீனில் ஏறும். அடுத்த மராமத்தில் அந்தத் தரையைக் கொத்தப்போகிறவனுக்கு இது தெரியவும் தெரியாது.

வளவுவீட்டுப் பிள்ளை:
ஊற்றவில்லை. மேஸ்திரி முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், புற்றைச் சுரண்டிவிட்டு அரித்த சட்டத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன். டின் அடியில் துரு பிடித்திருக்கிறது, என்ன செய்ய?

மருந்தடிச்சவன்:
வேறு எதிலும் மாற்றி ஊற்றாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மணல் போட்டு டின்னை அப்படியே இறக்கி மூடி, மேலே பெயர் எழுதி, பிள்ளைகள் போகாத அறையில் பூட்டுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள், இந்த மாதிரிக் கழிவை வாங்கிக்கொள்ள கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது.

கோட்டையூரான்:
எங்கள் வீட்டிலும் ஒரு டின் கிடக்கிறது தம்பி. அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.