புதுப்பிப்பு: கனெக்ஷன் பிழை தீர்ந்தது, ஜிபியு வேகமும் பெருமளவு சரியானது

போன வாரம் இரண்டு சிக்கல்களைக் கேட்டிருந்தேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அடிக்கடி 'டூ மெனி கிளையண்ட்ஸ்' (இணைந்திருப்பவர்கள் அதிகம்) என்று என் புரோகிராமுக்குக் கனெக்ஷன் தர மறுக்கிறது. படங்களைச் சுருக்கும் வேலையை ஜிபியுவுக்கு (கிராபிக்ஸ் சிப்) மாற்றியும் வேகம் கூடவில்லை.

முதலில் ஒரே நேரத்தில் 100 கனெக்ஷன் என்ற இயல்பு வரம்பை உயர்த்தத்தான் பார்த்தேன். அது தப்பு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி பிராசஸ் (தனியாக ஓடும் புரோகிராம்). எண்ணிக்கையை ஏற்ற ஏற்ற மெமரிதான் கரையும். கனெக்ஷனை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என நண்பர் ஒருவர் சொன்னார், அவருக்கு மிக்க நன்றி. எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தால் வரிசையாக 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது ஒரு டிரான்சாக்ஷனை (டேட்டாபேஸ் வேலைத் தொகுதி) தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா இருப்பவை. என் புரோகிராம் டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு, படத்தை ஜிபியுவுக்கு அனுப்பி, வேலை முடியும்வரை கனெக்ஷனை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது! டேட்டாவைப் படித்ததும் கமிட் செய்து (டிரான்சாக்ஷனை முடித்து), கனெக்ஷனைப் பூலுக்கு (பகிர்ந்து பயன்படுத்தும் கனெக்ஷன்களின் தொகுப்பு) திருப்பிக் கொடுக்கும்படி மாற்றினேன். இரண்டு நாளாக ஒரு பிழைகூட இல்லை.

சரி, வேகம்? ஒவ்வொரு படமாக அனுப்பியதால், கணக்கிடும் நேரத்தைவிட ஜிபியுவுக்கு நகலெடுக்கும் நேரமே அதிகம். 64 படங்களாகச் சேர்த்து அனுப்பியதும் நன்றாகவே வேகம் பிடித்தது. சின்னப் படங்கள் ஒன்றிரண்டாக வரும்போது மட்டும் இன்னும் சிபியுதான் (கணினியின் முதன்மைச் சிப்) முந்துகிறது. அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன்.