மவுசர் 98கே (இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் துப்பாக்கி): போல்ட் எண் பொருந்தவில்லை, போலியா?

கேள்வி: ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) மேல் ‘பிஒய்எஃப் 44’, பக்கத்தில் ‘எக்ஸ்’ குறி. போல்ட்டின் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளை) பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ரிசீவர் எண்ணை மின்பேனாவால் கீறியிருக்கிறார்கள். கட்டையில் செந்நிற மினுமினுப்பு.

பதில் 1: போலி அல்ல, சோவியத் படை கைப்பற்றியது; ‘எக்ஸ்’ குறி அதற்குத்தான். ‘பிஒய்எஃப்’ என்பது ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊர் மவுசர் ஆலையின் குறியீடு, 44 என்பது 1944. போருக்குப் பின் கிடங்கில் கழற்றிச் சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகங்களைப் பூட்டினார்கள். அந்தச் செந்நிற ஷெல்லாக் (அரக்கு) பூச்சும் அங்கே பூசியதுதான். தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள்!

பதில் 2: போல்ட்டில் உள்ள கழுகு முத்திரையை (ஜெர்மன் ஆய்வாளர் குறி) லென்ஸ் வைத்து, அதன் எண்ணைப் பாருங்கள். 135 என்றால் ஓபர்ன்டார்ஃப், 63 என்றால் செக் நாட்டு ப்ர்னோ ஆலை.

பதில் 3: சுடுவதாக இருந்தால் முதலில் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் அறையில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, பாருங்கள். ஃபயரிங் பின்னையும் (தோட்டாவை அடிக்கும் ஊசி) எக்ஸ்ட்ராக்டரையும் (உறையை வெளியே இழுக்கும் கொக்கி) கழற்றிவிட்டு, தோட்டா வடிவ அளவுக் கட்டையான கேஜ் போடுங்கள். குறைந்தபட்ச அளவுள்ள ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், அதைவிட நீளமான ‘நோ-கோ’வில் மூடக்கூடாது. இடைவெளி கூடினால் தோட்டா உறை அடிப்பக்கம் கிழிந்து வாயு பின்னால் பீறிடும்.