நான்கில் ஒரு வெற்றிட அளவி மட்டும் குறைத்துக் காட்டுகிறது: திறந்து சுத்தம் செய்யலாமா?

என் வண்டி நான்கு சிலிண்டர், 600 சிசி, நான்கு கார்புரேட்டர். நான்கும் ஒரே அளவு உறிஞ்சும்படி அவற்றைச் சமன்செய்ய, முள் வைத்த நான்கு வெற்றிட அளவிகள் கொண்ட தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். ஆறு ஆண்டுகளாக நன்றாக உழைத்தது. இரண்டு வாரங்களாக மூன்றாவது அளவியை நம்ப முடியவில்லை.

முதலில் கார்புரேட்டரைத்தான் சந்தேகித்தேன். வால்வு இடைவெளி சரியாக இருக்கிறது, ரப்பர் இணைப்புகளில் விரிசல் இல்லை. குழாய்களை மாற்றி மாட்டியபோது குறையும் அந்த அளவியோடு இடம் மாறியது. பிறகு டி வடிவ இணைப்புகள் வைத்து நான்கையும் ஒரே சிலிண்டரில் பொருத்தினேன். மூன்று அளவிகள் 22 செ.மீ. பாதரசம் (வெற்றிடத்தின் அலகு) காட்ட, இது மட்டும் 18. என் வண்டியில் சிலிண்டர்களுக்கிடையே அனுமதிக்கப்பட்ட வேறுபாடே 2 செ.மீ. தான்!

இன்ஜினை நிறுத்தினால் முள் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. கைப்பம்பால் வெற்றிடம் ஏற்றி ஐந்து நிமிடம் விட்டேன், முள் இறங்கவில்லை. ஆகவே கசிவு இல்லை. முள்ளின் துடிப்பை அடக்கும் திருகைத் திறந்தும் பார்த்தேன், மாற்றமில்லை. ஆனால் கண்ணாடியை விரலால் தட்டினால் முள் 20 வரை தாவுகிறது. உள்ளே பல்சக்கரம் எங்கோ பிடிக்கிறது என்று நினைக்கிறேன். பெட்ரோல் ஆவி போய்ப் படிந்திருக்கலாம்.

இப்போதைக்கு ஒரே நல்ல அளவியை ஒவ்வொரு சிலிண்டராக மாற்றி மாட்டிச் சமாளிக்கிறேன். அளவியின் பிழை எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடுவதால் முறை நம்பகமானதே. ஆனால் அதற்குள் இன்ஜின் சூடேறி, விசிறி வைத்தும் போதவில்லை.

இத்தகைய அளவியைத் திறந்தவர்கள் சொல்லுங்கள்: உள்ளே வெற்றிடத்துக்கேற்ப வளைந்து முள்ளை நகர்த்தும் வளைகுழாய்க்குச் சேதமில்லாமல் அந்தப் பல்சக்கரத்தை எதைக்கொண்டு சுத்தம் செய்தீர்கள்?