மறு: 'மிகு பகு எண்' இடிக்கிறது

ஐயா, வணக்கம்.

'Highly composite number' என்பதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'மிகு பகு எண்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விடக் கூடுதல் வகுத்திகள் (மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள்) கொண்டது என்பதுதானே வரையறை? அப்படியானால் 2-உம் உள்ளே வந்துவிடும்: 1-க்கு ஒரே வகுத்தி, 2-க்கு இரண்டு. பகா எண்ணைக் காட்டி 'மிகு பகு எண்' என்றால் பள்ளிப் பிள்ளை சிரிக்கும். ஆங்கிலப் பெயரிலேயே இந்தக் கோளாறு உண்டு. அதையும் சேர்த்தா இறக்குமதி செய்வது? போதாக்குறைக்கு, 'மிகை எண்' என்று இன்னொன்று இருக்கிறது. அது வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றியது, வேறு சரக்கு.

எங்கள் கும்பகோணம் பக்கத்துப் பழைய நில அளவைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. ஆக 2000 குழி. தாத்தாவின் ஒரு வேலியை மூன்று பங்காளிகள் பிரித்தபோது ஆளுக்கு 666 போக 2 குழி மிஞ்சியது. அந்த இரண்டு குழியில் ஒரு தென்னை வேறு. பஞ்சாயத்து மூன்று நாள் நடந்தது! 2000-க்கு வகுத்திகள் இருபதே. அதைவிடச் சின்னதான 1680-க்கு நாற்பது, மூன்று பேரோ ஏழு பேரோ, மிச்சமில்லாமல் பிரிக்கலாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று வைத்தவர்கள் விவரமானவர்கள். 60-க்குப் பன்னிரண்டு வகுத்திகள், அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது.

சரி, பெரிய எண்ணுக்கு வருவோம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் இவ்வகை எண்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் பட்டியல் 67,46,32,83,88,800-இல் முடிகிறது. அதற்கு 10,080 வகுத்திகள். பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்துப் பாருங்கள்: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு, 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்று. மகாமகக் குளத்துப் படி மாதிரி இந்த அடுக்குகள் (எத்தனை முறை என்ற எண்ணிக்கைகள்) இறங்கலாம், சமமாக நிற்கலாம், ஏறவே கூடாது. ஏறினால் இரண்டையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கை வகுத்திகளோடு இன்னும் சின்ன எண்ணைச் செய்துவிடலாமே. அந்தக் கடைசிப் படியான 23-ஐ எடுத்துவிட்டால் வருவது 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. பட்டியலில் அவர் தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்!

ஆக, எத்தனை வகுத்திகள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கீழே உள்ள அத்தனை பேரையும் முந்தியதா என்று பார்க்க வேண்டும். அதனால் என் பரிந்துரை 'வகுமுந்து எண்'. 'மீப்பெரு பொது வகுத்தி' படித்த பிள்ளைக்கு 'வகு' புதிதல்ல. 'வகுமுந்தி' என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன். 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் நம் பழைய பின்னமான முந்திரி குறுக்கே வந்து நிற்கிறது.

'வகுமுந்தெண்' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? பிரித்தால் தேடலில் 'எண்' தனியாக அகப்படும் என்பதால் என் ஓட்டு அதற்கே. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.